ரெண்டு காலி நாற்காலி

வியாழன், ராத்திரி.

கண்ணை மூடினா சுவர் இல்லாத அந்த இடம்தான் வருது.

மழையில விழுந்த பள்ளிக்கூடச் சுவரை இன்னும் கட்டலை. அந்தப் பக்கம் ஹைவே. இன்னிக்கு பந்து பின்னாடி ஓடின ரெண்டாங்கிளாஸ் பையனை, சத்துணவு ஆயா சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. லாரிக்காரன் பிரேக்கே போடலை.

சாயந்தரம் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம். பெத்தவங்க சேர்ந்து என்னைத் தலைவியாக்கி வச்சிருக்காங்க. ஹெச்.எம். சார் வழக்கம்போல ரெண்டு நாற்காலியைக் காலியாப் போட்டார். அது பஞ்சாயத்து அனுப்புற வார்டு மெம்பருங்களுக்கு. பஞ்சாயத்துக்கே காலம் முடிஞ்சுபோச்சு. தேர்தல் வரலை. யார் யாரை அனுப்புறது?

"சுவர் பஞ்சாயத்து வேலை. நம்ம தீர்மானத்தை அங்க எடுத்துப் பேச ஆள் வேணுமேம்மா"ன்னார் சார்.

"பஞ்சாயத்துக்குப் பதிலா இப்போ பொறுப்புல இருக்கிற அதிகாரி?"ன்னு கேட்டேன்.

"அவருக்கு எத்தனையோ ஊரு. பார்க்கலாம்னு சொன்னார்."

பழைய மெம்பர் கௌரிக்கா கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்னாங்க. உட்காருங்கக்கான்னேன்.

"அது மெம்பர் சீட்டும்மா. நான் இப்போ யாரு?"

கூட்டம் முடிஞ்சதும் அந்த ரெண்டு நாற்காலியையும் அவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. சுவர் இருந்த இடத்துல போட்டு, நடுவுல கயிறு கட்டினாங்க. நான் வண்டியை எடுக்கறதுக்குள்ள ஒரு கன்டெய்னர் லாரி போச்சு. அந்தக் காத்துக்கே ரெண்டும் கவுந்துடுச்சு.

நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட். நான் கம்பெனி பஸ் ஏறினப்புறம்தான் என் பாப்பா எழுந்து அதே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவா.