நீதிக்கல்லில் மிளகாய்

மார்ச் 4, திங்கள்

இரண்டாம் ஆண்டு தத்துவ வகுப்பு. 'பழிவாங்குவது அறிவின் தோல்வி' என்று வழக்கம்போலச் சொன்னேன். இருபது வருடமாக இதே வாக்கியம். இன்று வாய் கூசியது. தம்பி தமிழ்ச்செல்வனைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

தொண்டாமுத்தூரில் அப்புசாமியின் தென்னந்தோப்பில் அவனுக்கு வேலை. "யானை வருதுன்னு ராத்திரியானா வேலிக்கு நேரா கரண்ட் வுடறாருக்கா, பயமா இருக்குது" என்று போனில் சொன்னான். அந்த வேலியில்தான் செத்தான். அப்புசாமியோ, பன்றி பிடிக்க அவனே திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்தான் என்று போலீசில் சொல்லிவிட்டார். அப்படியே எழுதி முடித்துவிட்டார்கள். என் பேச்சு எடுபடவில்லை.

மார்ச் 5

அந்த ஆள் நாசமாகப் போகட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

ஆனைமலை மாசாணியம்மன் கோயில். சாமி கும்பிடுவதை விட்டு முப்பது வருடம் ஆன நான், வரிசையில் நின்று, வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் அப்பினேன். அப்புசாமி பெயரைச் சொல்லித்தான். அநியாயம் செய்தவன் உடம்பு எரியும் என்பது ஐதீகம். கல்லுக்குக் காது கிடையாது, எனக்குத் தெரியும். அப்புசாமிக்கு இருக்கிறதே! வருடம் தவறாமல் அங்கே போய்க் கும்பிடுகிற ஆள்.

திரும்பும்போது தோப்பு வாசலில் இறங்கி, அவர் மனைவி ரங்கம்மாளிடம் எங்கே போய் வந்தேன் என்று சொல்லி, சிவந்த கையைக் காட்டினேன். "அய்யோ, என்ன காரியம் செஞ்சுபோட்ட கண்ணு!" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நம்பாதவள், நம்புகிறவனை அவன் நம்பிக்கையை வைத்தே அடிக்கலாமா? வேறு கம்பு எனக்கு யார் கொடுத்தார்கள்? தெய்வம் நின்று கொல்லுமாம். அதுவரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 13

கை எரிச்சல் அடங்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

போத்தனூரில் என் வீட்டுக்கே தேடி வந்துவிட்டார் அப்புசாமி. என்னை 'ஏ புள்ள' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்.

"ஏனுங்க அம்மணி, ஒடம்பெல்லாம் எரியுதுங்க. சோறு எறங்கமாட்டீங்குது. டாக்டரு ஒண்ணுமில்லீங்கறாரு. அரைச்சவங்களே போயி எண்ணெய் சாத்துனாத்தானுங்க குளுரும்..."

"போலீசுல நெசத்தச் சொல்லுங்க. மறுநாளே போறேன்" என்றேன்.

பயத்தில் சொன்னாலும் உண்மை உண்மைதான். அதில் அறம் உண்டா என்று வகுப்பில் கேட்பேன். இப்போது எனக்கு அக்கறை இல்லை. அந்த ஆள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். இனித்தது.

ஏப்ரல் 9

சொல்லிவிட்டார். வழக்கு இப்போது அவர் மேல். தம்பி மேல் இருந்த திருட்டுப் பட்டம் போயிற்று. வெகுநேரம் அழுதேன். செல்வா, கேட்டுச்சாடா உனக்கு?

மே 6

இன்னும் கோயிலுக்குப் போகவில்லை. விடைத்தாள் திருத்துகிறேன் என்று சாக்கு. கொடுத்த வாக்கு கடமை என்று ஒரு வாரம் பாடம் நடத்துகிறவள் நான்!

வெறும் கல்தான் என்றால், போய் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றுவதில் எனக்கு என்ன கேடு? போய் வந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னாலே போதும், அந்த ஆள் இன்று சோறு தின்பார். அதற்கும் மனம் வரவில்லை. ஒருவேளை நானும் — சீ, என்ன எழுதுகிறேன்?

மே 24, வெள்ளி

ஜாமீனில் வந்த அப்புசாமி காலையில் வாசலில் நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். கையில் ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெய்.

"சொன்னபடி செஞ்சுபோட்டேனுங்க. இப்ப ரங்கம்மாளும் ஒடம்பு எரியுதுங்கறா. அவ என்னங்க பாவம் பண்ணுனா? நாளைக்குப் போயிருவீங்கள்லங்க?"

"போறேனுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் அந்த எண்ணெயில்தான் கத்தரிக்காய் வதக்கினேன். நல்ல வாசம். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.