மூன்றாவது பாடலில் வளையல்

அன்பு மகளுக்கு,

"ராக் பாடுன மனுசன், இப்ப ஏம்ப்பா உறுமி மேளத்தையும் மலாய்ப் பாட்டையும் போட்டுக் கலக்குறீங்க?" என்று சிங்கப்பூரிலிருந்து திட்டுகிறாய். முப்பது வருடம் கத்தியாயிற்று, குழுவும் கலைந்துவிட்டது. இனி என் இஷ்டம்.

கூலாய் ஊரில் நம் வீட்டில், உன் அம்மாவின் தையல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் குரலைப் பதிவு செய்தேன். மூன்றாவது பாட்டில், உறுமி ஓய்ந்த இடத்தில் கண்ணாடி வளையல் குலுங்குகிறது. ஒலிப்பதிவைச் சரிபார்க்கும் தினேஸ், "என்னமோ சத்தம் லா அங்கிள், வெட்டிடவா?" என்றான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அம்மாவைச் சுமங்கலியாக, கை நிறைய வளையலோடுதானே கடைசியாக வழியனுப்பினோம்? நீதான் போட்டுவிட்டாய். அந்தச் சத்தம் உனக்குத் தெரியும்.

பாட்டைக் கேள். அவள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா