மருந்து ஊறிய சேறு

கார் முழுக்க நம் குளத்து வாடை. பின்னிருக்கையில் மூடி இறுக்கிய போத்தலில் சேறு இருக்கிறது. புக்கிட் பெலண்டோக் தோட்டத்திலிருந்து ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டி வந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தங்கை நம் பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் கீரை போட்டிருக்கிறாள். சனிக்கிழமை குளத்தைத் தூர்வாரி, அந்தச் சேற்றைப் பாத்திகளில் பரப்பப் போகிறாளாம். தண்ணீரைப் பரிசோதித்ததில் சுத்தம் என்று வந்துவிட்டது. சேற்றை யாரும் பார்க்கவில்லை.

"அங்கதானே நம்ம அம்மாங்க மருந்து பம்ப கழுவுனாங்க?" என்றேன்.

"அதான்க்கா நல்லது! மருந்து ஊறுன சேறுலா. பூச்சி கிட்டயே வராது."

சிரித்தேன். காய்ச்சலுக்குக் குடித்ததும் மருந்து, புல்லைக் கருக்கியதும் மருந்து. தோட்டத்தில் களைக்கொல்லிக்கு வேறு பெயரே இல்லை. பல்கலைக்கழகத்திலும் நம் வாயில் அதுதான் வந்தது.

அங்கே நாம் வைத்த இரண்டு ஜாடிகள் நினைவிருக்கிறதா? ஒன்றில் வெறும் குளத்து நீர். மற்றதில் நீரும் அடிச்சேறும். இரண்டிலும் ஒரே அளவு மருந்து. சேறு இருந்த ஜாடியின் நீரில் மருந்து மளமளவென்று குறைந்தது. நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிட்டன என்று முடிவு கட்டி, மீ கோரேங் சாப்பிடப் போனோம். பாதித் தட்டில் நீ கரண்டியை வைத்தாய்.

"தண்ணியில காணோம், சரி. எங்கடி போச்சு?"

ஓடி வந்து சேற்றைச் சோதித்தோம். களிமண்ணைப் பற்றிக்கொண்டு, வெயிலும் காற்றும் எட்டாத இருட்டில், அவசரமே இல்லாமல் கிடந்தது.

எல்லா மருந்தும் அப்படியல்ல. இந்தக் குளத்தில் சிலது முற்றாகச் சிதைந்திருக்கும், சிலது உடைந்து வேறொன்றாகியிருக்கும், சிலது அப்படியே இருக்கும். எது எவ்வளவு என்று தெரியாததுதான் என்னை உலுக்குகிறது. உன் சிறுநீரகம் கெட்டதற்கும் இந்த மருந்துக்கும் முடிச்சுப் போட ஒருமுறை முயன்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அதட்டினாய்: "ஆதாரமில்லாம பேசாதடி, படிச்சவதானே?" இன்றும் என்னிடம் ஆதாரமில்லை. பயம் மட்டும் இருக்கிறது.

குளக்கரையில் உன் தங்கையிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். "தண்ணிதான் சுத்தம்னு சொல்லிட்டாங்களேக்கா" என்று அவள் மண்வெட்டியைக் கழுவப் போனாள். வேறு வழி தெரியாமல், "தண்ணியில காணோம், சரி. எங்கடி போச்சு?" என்றேன்.

அவளை நான் "டி" போட்டு அழைத்ததே இல்லை. நீதான் அப்படிக் கூப்பிடுவாய். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினாள். பிறகு தூர்வாருபவரைப் போனில் கூப்பிட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்றாள். சேற்றுச் சோதனையின் முடிவு வரும்வரைதான் காத்திருப்பாளாம். அது என்னவென்று வருமோ.

உன்னை எரித்த அன்று எல்லோரும் "போயிட்டா, போயிட்டா" என்றார்கள். சாமியிலோ மறுபிறவியிலோ எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் அவள் திரும்பியபோது, அவள் கண்கள் தேடியது என்னை அல்ல.