சனிக்கிழமை வருகிறவள்

மார்ச் 4

என் அன்பு வாயாடிக்கு,

நலம். மருத்துவமனைச் சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை. உன் கடிதம் வரும் நாளில் மட்டும் இரண்டு வாய் கூடுதலாக இறங்குகிறது.

ஒரு விஷயம். சனிக்கிழமைதோறும் இங்கே ஒருத்தி வருகிறாள். உன் முகம், உன் நீலப் புடவை, புருவத்துத் தழும்புகூட அச்சு அசல். ஆனால் நீ இல்லை. உரிமையாகக் கட்டிலில் உட்கார்ந்து, நகம் வெட்டிவிடுகிறேன் என்று கையைப் பிடிக்கிறாள். எனக்குக் கூசுகிறது. டாக்டரிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மாத்திரையைக் கூட்டுகிறார். நீ எழுதுகிறாயே தவிர ஒரு தடவைகூட வரவில்லையே, என்மேல் என்ன கோபம்?

உன்,
கணக்கு வாத்தியார்

மார்ச் 11

என்னங்க,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில் என் முகம் தெரிந்தாலும் நான் மட்டும் உங்களுக்கு வேற்று ஆளாகிவிட்டேனாம். வாதாடாதீர்கள், கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். என்னால் முடியவில்லை. போன வாரம் கையை உதறிவிட்டு, "யாரும்மா நீ? என் பொண்டாட்டிய என்ன பண்ணின?" என்று கேட்டீர்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

அது நான்தாங்க. நகம் வெட்ட வந்ததும் நான், இதை எழுதுவதும் நான்.

அத்தாட்சி எதைக் காட்டுவேன்? நம் இருவருக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால், உங்கள் நிஜ மனைவியிடமிருந்து இவள் கறந்துகொண்டாள் என்பீர்கள். முழுசு துண்டைவிடப் பெரியது, அதற்கும் நிரூபணம் கேட்கிறவன் எழுந்து வெளியே போகலாம் என்று வகுப்பில் சொல்வீர்களே. நான் நான்தான் என்பதும் அந்த மாதிரிதாங்க. அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள்,
வாயாடி

மார்ச் 18

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைக்கூடப் பழகிவிட்டீர்கள். இத்தனை நாளும் அவள்தான் எழுதுகிறாள் என்று நம்பி, எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன நியாயம் சரிதான். சில உண்மைகளுக்கு நிரூபணம் கிடையாது, பார்த்ததுமே தெரியும். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது, இவள் அவள் இல்லை என்று எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எவ்வளவு யோசித்தும் அதை மறுக்க என்னால் முடியவில்லை.

உங்கள்மேல் கோபமில்லை. யாரோ ஒருவனுக்காக இவ்வளவு தூரம் அலைந்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். அவள் போய்விட்டாளா? போகும்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

இப்படிக்கு,
அவள் கணவன்