கீழ்த்தாடை, இடப்பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மாவின் இடது கீழ்த்தாடை எலும்பு ஓரிடத்தில் அரித்திருக்கிறது. இன்று காலை ஸ்கேன் பார்த்த டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். காரணத்தை அவர் சொல்லவில்லை.

சென்ற மாதம் கொரட்டூரில் பல் பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை. மோவாயும் மரத்துப்போய்விட்டது. காபி வழிந்தால் அவளுக்குத் தெரிவதில்லை. நான்தான் துடைத்துவிடுகிறேன்.

பல் பிடுங்கியது உன் மாமியாரின் தம்பி மகன் சரண். "முன்ன ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணிக்கினீங்களா அத்தே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி போட்டான். "ஒண்ணியும் இல்ல நைனா" என்றாள் இவள். உன் கல்யாணத்துக்கு முன் மார்பில் புற்றுக்கட்டி எடுத்ததைப் பற்றி உன் புகுந்த வீட்டாரிடம் அவள் இன்றுவரை மூச்சுவிடவில்லை.

நேற்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு சரணிடம் நான் அதைச் சொன்னேன். அவளை உள்ளே கூப்பிட்டு மோவாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தான். இன்று எலும்பருகே துளி சதையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஒரு பல்லுக்கு இத்தினி டெஸ்டா? அந்தப் புள்ள கிளினிக்குக்கு வாடகை கட்டணும் போல கீது" என்று ஆட்டோவில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சரண் தன் வீட்டில் சொல்லமாட்டான். நீ இதைத் தனியாகப் படி. உடனே கிளம்பி வந்தால், எதற்கு வந்தாய் என்று அவள் கேட்பாள்.

பழையதுதான் தாடைக்கு வந்திருக்கிறதா என்பது வியாழக்கிழமை மாலை தெரியும்.

உன் அப்பா