சொதிச் சட்டிக்கு ஒரு விளக்கு

ஜூன் 10, புதன்

காலையிலிருந்து காற்று. சாரல் எல்லாம் மேற்கே, இங்கே புழுதி மட்டும்.

ஞாயிறு மதியம் சம்பந்தி வீட்டார், ஐந்து பேர். மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருகை. தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் முடியாது. இந்த வீட்டில் சொதி என்றால் என் வீட்டுக்காரர், அத்தான் கைதான். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறேன், அவர் சமைக்கிறார். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

போன மாதம் இரண்டு தடவை தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. அவருக்குக் கண்ணில் அழுத்தம். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதும் பீன்ஸைப் பார்க்காமலே ஒரே நீளத்துக்கு நறுக்குகிறார். எனக்கு மலைப்பு. ஆனால் முதல் பாலை ஊற்றியபின் ஓரத்தில் நுரை கூடுமே, அதுதான் தெரியவில்லை. அந்த நேரம் இறக்காவிட்டால் போச்சு.

"வெள்ளைக்குள்ள வெள்ளைய எங்கன பாக்க? கடையில சொல்லிருவோம்ட்டி."

சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் தட்டை மூடி வைத்தேன்.

இரவு: அடுப்படியில் நின்று பார்த்தேன். அடுப்பு கிழக்குப் பார்த்து. ட்யூப்லைட் மேற்குச் சுவரில், அவர் முதுகுக்குப் பின்னால். இத்தனை வருஷமாகத் தன் நிழலுக்குள்ளேயே சமைத்திருக்கிறார். நான் பௌதிக டீச்சராம்!

ஜூன் 11, வியாழன்

வாங்கியது:
எல்இடி பட்டை, 12 வோல்ட் – மூன்றரை மீட்டர் போதும், ஐந்தாகத்தான் தருவாராம்
அடாப்டர், 5 ஆம்பியர் (மீட்டருக்கு 12 வாட், மொத்தம் 42. மூன்றரை ஆம்பியர். தாராளம்)
ஒயர், சுவிட்ச்
வெண்டைக்காய், அரை கிலோ

கடை அண்ணாச்சி: "பைய ஒட்டுங்க டீச்சர், மடக்கிராதிய. வெட்டணும்னா கோடு போட்ட எடத்துல மட்டும்."

அடாப்டர் ஃபிரிட்ஜ் பக்கம். அங்கிருந்து அலமாரிக்கு அடியிலேயே அடுப்பின் இடது ஓரம் வரை பட்டை. அடுப்புக்கு நேர் மேலே கிடையாது, ஆவி, எண்ணெய்.

ஆறரை மணிக்கு சுவிட்சைப் போட்டேன். கறுப்பு கிரானைட்டுக்குள் நூறு நூறாய் நட்சத்திரம். வாயைப் பிளந்து நின்றேன்.

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணு கூசுது வடிவு. அணைச்சிரு."

அணைத்தேன்.

ஜூன் 13, சனி

அரை நாள் பள்ளிக்கூடம். வரும்போது அலுமினியச் சட்டம் வாங்கினேன், பால் வெள்ளை மூடியோடு. மூலையில் வைக்கிற மாதிரி, சாய்ந்தது. பட்டையை அதற்குள் வைத்து மூடினேன். இப்போது புள்ளி இல்லை, கூச்சம் இல்லை. பிறை நாளில்தான் நிலாவின் குழிகள் தெரியும், பௌர்ணமியில் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். அதை நம்பித்தான் இவ்வளவும்.

ஆனால் அடுப்புப் பக்கம் மங்கல். மல்டிமீட்டர் வைத்தேன். ஃபிரிட்ஜ் முனை 11.9 வோல்ட். அடுப்பு முனை 10.4.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓம் விதியை எத்தனை வகுப்புக்கு, எத்தனை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! மின்னழுத்தம் வழியில் குறைவதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். என் சுவரிலேயே எழுதியிருக்கிறது, இந்தப் பக்கம் வெளுப்பு, அந்தப் பக்கம் மஞ்சளாய். மெய்சிலிர்த்தது. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன வெண்டைக்காய் கரிந்தது.

"என்னட்டி, அங்கன ஏறி இருந்து சிரிக்க?"

தடித்த ஒயர் ஒன்றை அடாப்டரிலிருந்து நேராக அடுப்பு முனைக்கும் இழுத்தேன். இரண்டு பக்கமும் 11.8. ஒரே வெளிச்சம்.

பால் வைத்துப் பார்ப்போமா என்றேன். வேண்டாமாம். "தெரியலன்னா இன்னைக்கே தெரிஞ்சிருமே."

ஏணியை மடக்கி வைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். பதினொன்றரைக்கே வந்துவிட்டார்கள். ஹாலில் பேச்சுச் சத்தம்.

முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு எல்லாம் மூன்றாம் பாலில் வெந்தாயிற்று. இரண்டாம் பாலும் கொதித்தது. முதல் பால் மட்டும் பாக்கி. மகள் உள்ளே வந்து காதருகில், "அம்மா, நீங்க பாத்துக்கிடுங்க. அப்பா கிட்ட விடாதிய."

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ" என்றது அத்தான். அவர் காது பாம்புக்காது.

சுவிட்சைப் போட்டேன். பாலை ஊற்றி, தீயைச் சிறிதாக்கி, குனிந்தார். நானும் குனிந்தேன். ஒரே வெள்ளை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ?

"வந்துட்டு" என்றார்.

எங்கே? மூக்கை வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் நூல் மாதிரி நுரை. ஒவ்வொரு குமிழுக்குப் பக்கத்திலும் ஒரு துளி நிழல்.

நான் நிமிர்வதற்குள் அவர் கை அடுப்புத் திருகுக்குப் போய்விட்டது. ஆறு மாதமாக கிரானைட்டைத் தடவித் தடவித்தான் அதைக் கண்டுபிடிப்பார். இன்று தடவவில்லை. நேராகப் போனது.