மவுஸைத் தொடக்கூடாது

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இன்று கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எது கிழிசல் — அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாம் அதில்தான். என்னைப் போன்ற ஷிப்ட் பொறுப்பாளர்கள்தான் அடிக்க வேண்டுமாம். மேலாளர் என்னைப் பார்த்தே சொன்னார்: "முடியாதவங்க தாராளமா சொல்லலாம். ஈரப் பக்கம் ஆள் வேணும்."

ஈரப் பக்கம் என்றால் சலவை எந்திரங்கள். வருஷக்கணக்கில் ஈரத்துணியை வாரி இழுத்து, முதுகு போன பிறகுதான் இந்த நாற்காலி கிடைத்தது. ஒரு கால் ஆடும். ஆனாலும் என் நாற்காலி.

"முடியும் சார்" என்று முதல் ஆளாகத் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? கழுத்துக்கு அவ்வளவு அவசரம்.

செப்டம்பர் 11, வியாழன்

இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். "தரை தேஞ்சுடப்போகுது, உக்காருங்க" என்றாள் மனைவி.

மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் பள்ளியில் இந்த வருஷம் 'வேலைத்திறன்' என்று ஒரு பாடம். புத்தகமே கிடையாதாம். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலைக்கு உதவுகிற புது விஷயம் ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். மார்க், கற்றுக்கொடுத்த பிள்ளைக்கு.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போ, அவ கெட்டி" என்றேன்.

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ப்பா. தெரியாத ஆளா எடுக்கணும்னு மிஸ் சொன்னாங்க. உங்களை விட்டா யாரு?"

பெருமையா சிறுமையா, தெரியவில்லை. கம்ப்யூட்டர் அட்டவணை போடக் கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. என் நாற்காலிக்கும் அதுதான் மருந்து.

செப்டம்பர் 13, சனி

வீட்டில், மகளின் கம்ப்யூட்டரில் முதல் பாடம். பள்ளியில் ஒரு விதி: கற்றுக்கொடுப்பவர் மவுஸைத் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். நான் நாற்காலியில் உட்காரும் வரை என் மகள் அந்த விதியைக் காப்பாற்றினாள்.

"அங்க இல்லப்பா. அய்யோ, அங்கயும் இல்ல. குடுங்கப்பா!"

பிடுங்கி அவளே போட்டு முடித்தாள். மனைவி எட்டிப் பார்த்து, "மவுஸைப் பிடிக்கச் சொன்னா அதோட கழுத்தை நெரிக்கிறீங்களே" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் "குடுங்கப்பா".

செப்டம்பர் 16, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். மனப்பாடம்! பத்தாவது வரை நான் கரையேறியதே அதில்தான். எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, இடத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். மேல் வரிசையில் மூன்றாவது, ஒரு தட்டு. அதற்குக் கீழே இரண்டாவது, ஒரு தட்டு. வேலையில் நின்றபடி வாய்ப்பாடு போல முணுமுணுத்தேன். அடுத்த ஷிப்ட் பொறுப்பாளர் — வாய் ஓயாததால் எல்லாருக்கும் அவன் 'ரேடியோ' — "என்னடா மந்திரம்? மேலாளரை வசியம் பண்ணவா?" என்றான்.

செப்டம்பர் 18, வியாழன்

மளமளவென்று போட்டுக் காட்டினேன். மகள் கைதட்டினாள். பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு அமுக்குங்கப்பா."

படித்தால் மறந்துபோகும் என்றேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று வகுப்பில் செய்து காட்டும் நாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வேறு மாதிரி. எல்லாம் இடம் மாறியிருந்தது. என் மூன்றாவது இடத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அமுக்கினேன். அட்டவணை மொத்தமும் காணோம்.

மகள் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டி நின்றாள். அவள் தோள் மட்டும் துடித்தது. "என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சார், அவசரமில்ல" என்றார் டீச்சர். காதெல்லாம் சூடு. ஒரு எழுத்தும் கண்ணுக்குள் போகவில்லை. "எங்க வீட்ல இது இங்க இருக்காதுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

பாதி மார்க். பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? நான் அசிங்கப்பட்டா பழக்கம்தான், ஊறிப்போச்சு. புள்ளையை எதுக்கு இழுத்தேன் —

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் அவளே வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"மார்க்தான் போட்டாச்சே, இன்னும் எதுக்கும்மா?"

"மார்க் முடிஞ்சுது. உங்க ஒண்ணாம் தேதி முடியலையே. உக்காருங்க. தப்பு எனக்கும் இருக்குப்பா, பிடுங்கிப் பிடுங்கி நானே செஞ்சேன். நீங்களும் எங்க இருக்குன்னுதான் பாத்தீங்க, என்னன்னு பாக்கவே இல்ல."

தன் பழைய பள்ளி டையை அம்மாவிடம் கொடுத்து, தன் கையைப் பின்னால் கட்டச் சொன்னாள். மனைவி சந்தோஷமாகக் கட்டினாள். "வாயையும் கட்டட்டுமா?"

செப்டம்பர் 24, புதன்

தினமும் நான் உட்காருவதற்கு முன் திரையில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிடுகிறாள், ராட்சசி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுப் படித்துத்தான் அமுக்குகிறேன். இன்று அட்டவணையை அழித்துவிட்டு, நானே திரும்பக் கொண்டுவந்தேன். அவளுக்கு மூக்கு அரித்தது. அதற்குக்கூட அம்மாவைத்தான் கூப்பிட்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு. சட்டையை ரெண்டு தடவை மாற்றி எடுத்து வைத்துவிட்டேன். சட்டையா அடிக்கப்போகிறது?

அக்டோபர் 1, புதன்

வேலையிடத்துத் திரை வீட்டைப் போலவும் இல்லை, பள்ளியைப் போலவும் இல்லை. எதிர்பார்த்ததுதான். மேலாளர் பின்னால் நின்றார். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ரொம்ப மெதுவா இருக்கே."

"படிக்கிறேன் சார்."

குழந்தைகள் வார்டு விரிப்பையெல்லாம் பிரசவ வார்டில் போட்டுவிட்டேன். நானே கண்டுபிடித்து, நானே திருத்தினேன். தள்ளுவண்டிகள் கிளம்புவதற்குள் முடிந்தது. மேலாளர் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

நாற்காலி இன்னும் ஆடுகிறது. என் பாரத்தில்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது ரேடியோ வந்தான். சத்தத்தைக் குறைத்து வைத்தமாதிரி இருந்தான். "ஈரப் பக்கம் போறியான்னு இன்னிக்கு என்னையும் கேட்டுட்டாருடா."

என் நாற்காலியில் உட்கார வைத்தேன். "மேல, மூணாவது, ஒரு தட்டு" என்று என் பழைய மந்திரத்தையே ஆரம்பித்தான். என்னையறியாமல் கை பாய்ந்தது. "அங்க இல்லடா, குடுடா!"

அந்தக் குரலை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே. மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னால் கைகட்டி நின்றேன்.

"எதுக்குடா கைகட்டி நிக்கிற? நான் என்ன ஹெட்மாஸ்டரா?"

"என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தான். தப்பாக அமுக்கினான். மறுபடி தப்பாக அமுக்கினான். என் விரல்கள் பின்னால் ஒன்றையொன்று பிடித்து இழுத்தன.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மகள் எழுந்து உள்ளே போனாள். இப்போதுதான் பார்க்கிறேன், நாளைக்கு எடுத்துப்போகும் என் சாப்பாட்டுப் பைக்குள் அவளுடைய பழைய டை.